பழைய ஸ்விஃப்ட்: இடப்பக்கம் இழுக்குது, டயர் உள்விளிம்பு தேயுது

கேள்வி: 2008 ஸ்விஃப்ட். மேலூர் ரோட்டில் 60-க்கு மேல போனா இடப்பக்கம் இழுக்குது. ஸ்பீடு பிரேக்கர்ல முன்னாடி 'டக்'னு சத்தம். வீல் அலைன்மென்ட் (சக்கரக் கோணம் சரிபண்றது) பார்த்து ஒரு மாசம்தான் ஆச்சுண்ணே.

பதில்: வண்டிக்குக் கீழே இணைப்புகள்ல ஆட்டம் இருந்தா அலைன்மென்ட் நிக்காது தம்பி. முதல்ல டயர்ல காத்து சரியா இருக்கான்னு பாருங்க. முன் டயர் ரெண்டையும் இடம் மாத்துங்க. இழுப்பு வலப்பக்கம் போனா டயர்தான் கோளாறு. பிறகு ஜாக்கி, ஸ்டாண்ட் போட்டு சக்கரத்தை மேலும் கீழும் பிடிச்சு ஆட்டுங்க. பிரேக் மிதிச்சதும் ஆட்டம் நின்னா சக்கர பேரிங் கோளாறு, நிக்கலைன்னா பால் ஜாயின்ட் (சக்கரத்தைக் கீழ்க்கையோட சேர்க்கிற உருண்டை மூட்டு). பக்கவாட்டில் பிடிச்சு ஆட்டும்போது மட்டும் ஆடினா டை ராடு எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோட சேர்க்கிற கம்பியின் முனை).

பதில்: லோயர் ஆர்ம் புஷ்ஷை (கீழ்க்கை வண்டியோட சேர்ற இடத்து ரப்பர்) விட்டுட்டீங்களே! நெம்பிப் பார்த்தா கிழிசல் தெரியும். புதுசு போட்டா, வண்டி தரையில் நிக்கும்போதுதான் போல்ட்டை இறுக்கணும். தொங்கவிட்டு இறுக்கினா ரப்பர் முறுக்கிச் சீக்கிரம் கிழியும்.

பதில்: அலைன்மென்ட் கடைசியாத்தான். முன்னாடி டோ (மேலிருந்து பார்த்தா சக்கரம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கிற அளவு) மட்டுமே திருகலாம். கேம்பர் (முன்னாடியிருந்து பார்த்தா சக்கரம் சாஞ்சிருக்கிற அளவு) தப்பா காட்டினா ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) வளைஞ்சிருக்கான்னு பாருங்க.