கெமிஸ்ட்ரியை முதல் செமஸ்டரிலேயே தொடங்கிவிடுங்கள்

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் முதல் இரண்டு வருடம் படித்துவிட்டு, மீதிப் படிப்புக்கு டிரான்ஸ்ஃபர் ஆகி, யூசி டேவிஸில் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம்) பயிர் அறிவியல் சேர வேண்டும் என்பது என் திட்டம். சேர்ந்துவிட்டேன். ஆனால் இரண்டு வருடத்தில் நடக்க வேண்டியதற்கு மூன்று வருடம் ஆனது.

முதல் வருடம் முழுக்க ஆசைப்பட்ட பாடங்களாக எடுத்தேன். மண்ணியல் லேப் இன்னும் விரல் நுனியில் இருக்கிறது. ஒரு பிடி மண்ணில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கட்டைவிரலால் ஆள்காட்டி விரல்மேல் நாடா போலத் தள்ளுவோம். மணற்பாங்கான மண் உடனே உதிர்ந்துவிடும். நல்ல களிமண் என்றால் இரண்டு அங்குலத்துக்கு மேலும் அறாமல் தொங்கும். அந்த வகுப்புக்குப் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் டிரான்ஸ்ஃபருக்கு முதலில் வேண்டியது ஜெனரல் கெமிஸ்ட்ரி, பயாலஜி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, புள்ளியியல்.

“கெமிஸ்ட்ரியை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்” என்றார் பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் காலேஜ் ஆலோசகர். நானும் சரி என்றேன். எங்கள் காலேஜில் அறிமுக கெமிஸ்ட்ரி முடித்தால்தான் ஜெனரல் கெமிஸ்ட்ரியின் முதல் பகுதியான 1ஏ, அதை முடித்தால்தான் இரண்டாம் பகுதியான 1பி, அப்புறம்தான் ஆர்கானிக். மொத்தம் நான்கு செமஸ்டர். மூன்றாவது செமஸ்டரில் தொடங்கினால் ஆறாவதில்தானே முடியும்? டிரான்ஸ்ஃபருக்குத் தேவையான 60 யூனிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் புள்ளி) கையில் இருந்தும் காத்துக் கிடந்தேன். இந்த மாநிலத்தவருக்கு யூனிட்டுக்கு 46 டாலர்தான் என்பதால் பணம் பெரிதாகப் போகவில்லை. போனது ஒரு வருடம்.

இன்னொன்று, ‘டேக்’ என்கிற சேர்க்கை உறுதிக்கு செப்டம்பர் 1 முதல் 30 வரைதான் விண்ணப்பிக்கலாம். டேவிஸ் உட்பட ஆறு யூசி வளாகங்களில் இது உண்டு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோவில் கிடையாது. அவர்கள் கேட்கும் பாடங்களை, சேர்வதற்கு முந்தைய வசந்த செமஸ்டருக்குள் முடித்துவிடுங்கள், கோடைக்கு எதையும் மிச்சம் வைக்காதீர்கள்.

*

தம்பி, மேலே நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் மகளுக்கு நடந்தது வேறு மாதிரி. அவள் முதல் செமஸ்டரிலேயே 1ஏ எடுத்தாள். 1பியைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொள்ளலாம் என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். அங்கேதான் தப்பு. காலேஜில் இரண்டு செமஸ்டரில் நடத்துவதை அவள் சேர்ந்த இடத்தில் மூன்று குவார்ட்டராக, அதாவது செமஸ்டரைவிடக் குறுகிய மூன்று பருவங்களாக, பிரித்து நடத்துகிறார்கள். பாதியில் போனவளுக்கு எந்த இடத்திலும் சரியாகப் பொருந்தவில்லை. படித்த பாடத்தையே மறுபடி உட்கார்ந்து கேட்டாள், அதற்குள் படிக்காத ஒரு பகுதி கடந்து போயிருந்தது. அந்த வருடம் போனில் அவள் குரலைக் கேட்கவே கஷ்டமாக இருக்கும்.

‘அசிஸ்ட்’ இணையதளத்தில் நம் காலேஜையும் சேரப்போகும் பல்கலைக்கழகத்தையும் கொடுத்தால், எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று வரிசையாகக் காட்டும். சின்னவனுக்கு அந்தப் பக்கத்தை இப்போதே அச்செடுத்து வைத்திருக்கிறோம். 1ஏ, 1பி இரண்டையும் சேர்த்து ‘மற்றும்’ என்று போட்டிருக்கிற இடத்தை அக்காவே சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்தாள்.