மூடின அலமாரியா, திறந்த தட்டா? மார்த்தாண்டம் பக்கத்து ஈரத்துக்கு எது நிக்கும்?

தேங்காப்பட்டணம்_வீடு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மார்த்தாண்டம் பக்கம் 1,050 சதுர அடியில வீடு, கீழ்த்தளம் மட்டும். கான்கிரீட் முடிஞ்சாச்சு, பூச்சு அடுத்த வாரம் தொடங்குது. இன்டீரியர் பண்றவங்க தரையில இருந்து சீலிங் வரை மூடின அலமாரி போடச் சொல்றாங்க, எல்லாம் மறைஞ்சு சுத்தமா இருக்குமாம். இப்ப இருக்கிற வாடகை வீட்டுல இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கினா மூடி வச்ச பட்டுச்சேலையில மடிப்பு ஓரம் பூரா வெள்ளைப்புள்ளி. அதனால பயமா இருக்கு. எதை மூடணும், எதைத் திறந்து விடணும்? வாசல்ல நின்னா ஹால், சாப்பாட்டு இடம், அடுக்களை மூணும் ஒரே நேர்கோட்டுல தெரியுது. அதுக்கும் வழி சொல்லுங்க.

மரவேலை_குழித்துறை:

கண்ணுக்கு மறைக்கிறது வேற, காத்துக்கு அடைக்கிறது வேற. நம்ம மாவட்டத்துக்கு இடவப்பாதியும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, வருசத்துல ரெண்டு தடவை சுவர் நனையும். அலமாரியை வெளிச்சுவர்ல ஒட்டிப் போட்டா முதுகுப் பலகைக்கும் சுவருக்கும் நடுவுல ஈரம் நிக்கும், பூஞ்சை அங்கதான் பிடிக்கும். கதவைத் திறந்து பாக்கிறவங்களுக்குத் தெரியவே தெரியாது.

முதல்ல சுவரைச் சோதிங்க. பூச்சு, நீர் ஊத்தறது எல்லாம் முடிஞ்சு ஒரு மாசமாவது காயட்டும். அப்புறம் ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பாருங்க. தாளோட உள்பக்கம் நீர் கோத்திருந்தா ஈரம் சுவர்ல இருந்து வருது. வெளிச்சுவர்ப் பூச்சோ, குளியலறைக் கசிவோ சரி பண்ணாம அங்க அலமாரி போடாதீங்க. வெளிப்பக்கம் மட்டும் வியர்த்திருந்தா அது அறைக்காத்தோட ஈரம், காத்தோட்டத்துல தீரும்.

அலமாரியைக் கூடியமட்டும் ரெண்டு அறைக்கு நடுவுல உள்ள சுவர்ல வைங்க. குளியலறையோட பொதுச்சுவர் வேண்டவே வேண்டாம். கீழ 4 அங்குலக் கால், தரையைத் தொடக்கூடாது. பின்னால ஒரு அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடிச்சு இடைவெளி விடுங்க. ரீப்பரை நெடுக்குவாட்டுல அடிக்கணும், குறுக்கா அடிச்சா காத்து மேல ஏற வழியில்லாம நின்னுடும். சீலிங் வரைக்கும் முட்டிக் கொண்டுபோனா அந்த இடைவெளிக்கு வாயே இல்ல. மேல ரெண்டு அங்குலமாவது விட்டு, முன்னால ஒரு துளைப்பட்டி போட்டு மறைச்சுக்கலாம்.

பெட்டிக்கு 18 மி.மீ. பிளைவுட், முதுகுக்கு 9 மி.மீ. அடுக்களைக்கும் சிங்க் அடிக்கும் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை வாங்குங்க. ஐ.எஸ். 303-ல எம்.ஆர். (ஈரத்தை ஓரளவு மட்டும் தாங்குற) ரகம் இந்த ஈரத்துக்குத் தாங்காது. கேக்க மறக்கிற விசயம் ஒண்ணு: வெளியில மட்டும் மைக்கா ஒட்டி உள்ளே பெயின்ட் அடிச்சு முடிச்சா ஷட்டர் (அலமாரிக் கதவு) வளையும். ரெண்டு பக்கமும் ஈரத்தைச் சமமா இழுக்கணும், அதனால உள்ளேயும் மெல்லிய மைக்கா ஒட்டச் சொல்லுங்க. பிளை வெட்டின விளிம்பு ஒண்ணுகூட திறந்து கிடக்கக்கூடாது, கண்ணுல படாத அடிவிளிம்பு முக்கியமா.

7 அடி ஷட்டருக்கு 4 கீல். ரெண்டு, மூணு போட்டா ஒரு மழைக்காலத்துலயே தொங்கிடும்.

பட்டுச்சேலை இருக்கிற பகுதிக்கு மட்டும் ஷட்டர்ல மேலயும் கீழயும் லூவர் (காத்து போற சாய்வுப் பட்டி) விடுங்க. நாப்தலீன் உருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்தை உறிஞ்சாது.

திறந்த தட்டுக்கு அயினி மரம் நல்லது. ரப்பர் மரம் மலிவாக் கிடைக்குதேன்னு பதப்படுத்தாததை வாங்காதீங்க, கொஞ்ச நாள்ல வண்டு துளைச்சு அடியில மாவு கொட்டும். புத்தகம் அடுக்கிற பிளைத்தட்டு இரண்டரை அடிக்கு மேல தாங்கல் இல்லாம போனா நடுவுல தொய்யும்.

வயரிங்_நாகர்கோவில்:

மேல சொன்னதோட சேர்த்து ரெண்டு விசயம், அழகுக்காக விட்டுக்கொடுக்கக் கூடாதது.

சமையல் கேஸ் காத்தைவிட கனம். கசிஞ்சா கீழ தங்கும். சிலிண்டரை மேடைக்கு அடியில வச்சுக் கெட்டியான ஷட்டர் போட்டு மூடாதீங்க. மறைச்சே ஆகணும்னா ஷட்டர் முழுக்க லூவர், தரை மட்டத்துல திறப்பு. அந்தப் பெட்டிக்குள்ள சிம்னி பிளக், வாட்டர் பில்டர் பிளக் எதுவும் வரக்கூடாது, ஒரு சின்னப் பொறி போதும். ரப்பர் குழாய் கண்ணுக்குத் தெரியுற மாதிரி இருக்கணும், 5 வருசத்துக்கு ஒருமுறை மாத்தணும்.

இன்வெர்ட்டர் பேட்டரி நேர் எதிர். சார்ஜ் ஏறும்போது வர்ற ஹைட்ரஜன் மேல போகும், அதுக்கு மேல்பக்கம் திறப்பு வேணும். மாடிப்படிக்கு அடியில அடைச்சு வைக்காதீங்க. தண்ணி ஊத்த பேட்டரிக்கு மேல ஒரு அடி இடமும் விடணும்.

டி.பி. பெட்டியை (வீட்டுக்கு மின்சாரம் பிரியிற சுவிட்ச் பெட்டி) அலமாரிக்குள்ள கொண்டுபோற வழக்கம் இப்ப பரவுது. ராத்திரி டிரிப் ஆனா துணியை அள்ளிப் போட்டுட்டா தேடுவீங்க? வெளியே விடுங்க.

பூச்சுக்கு முன்னால இருக்கீங்க, நல்ல நேரம். பைப், வயர் போற ஒவ்வொரு சுவர்லயும் டேப்பை விரிச்சுப் பிடிச்சு, தரையில இருந்தும் மூலையில இருந்தும் அளவு தெரியுற மாதிரி போட்டோ எடுத்து வைங்க. அலமாரிக்காரர் டிரில் போடும்போது அதுதான் உதவும். தண்ணி பைப்பை அழுத்தம் ஏத்திச் சோதிச்சு முடிச்ச பிறகு மட்டும் பூசுங்க.

தேங்காப்பட்டணம்_வீடு:

ரொம்ப நன்றி அண்ணாச்சி, வயரிங் அண்ணனுக்கும். டி.பி. சரியா அலமாரிக்குள்ளதான் வரைஞ்சிருக்காங்க, இன்னைக்கே மாத்தச் சொல்றேன். வாசல் பார்வைக்கு நடுவுல சுவர் எழுப்பலாமா?

தக்கலை_வரைபடம்:

சுவர் எழுப்பாதீங்க தங்கச்சி. 1,050 சதுர அடியில ஒரு சுவர் போட்டா காத்தும் போச்சு, வெளிச்சமும் போச்சு. அழி போடுங்க, அதான் இடைவெளி விட்டு மரச்சட்டம் நிறுத்தின தடுப்பு.

ஒருநாள் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய் நவராத்திரி மண்டபத்துப் பக்கம் உள்ள மரச்சல்லடைத் தடுப்பை நின்னு பாருங்க. அரண்மனைப் பெண்கள் அதுக்குப் பின்னால இருந்துதான் ஆட்டம் பார்த்தது. அவங்க இருந்த பக்கம் இருட்டு, மண்டபம் வெளிச்சம். இருட்டுல இருக்கிறவங்களுக்கு வெளிச்சம் தெரியும், வெளிச்சத்துல இருக்கிறவங்களுக்கு இருட்டு தெரியாது. மரத்தை விட விளக்குதான் அங்க மறைக்குது.

உங்க வீட்டுல இது தலைகீழாப் போக வாய்ப்பு இருக்கு. ஹால்ல மங்கலான அலங்கார விளக்கு, அடுக்களையில பளீர்னு ட்யூப்லைட் இருந்தா அழி போட்டும் பாத்திரம் கழுவுற இடம் வரை தெரியும். ஹால்ல அழி மேல விழற மாதிரி ஒரு விளக்கு, அடுக்களையில மேடைக்கு மேல மட்டும் வெளிச்சம்னு பிரிச்சு வைங்க, ஸ்விட்சும் தனித்தனியா.

அளவு: சட்டம் முக்கால் அங்குலத் தடிமன், ரெண்டு அங்குல ஆழம், இடைவெளி ஒரு அங்குலம். நேரா நின்னா இடுக்கு வழியா தெரியும், கொஞ்சம் சாய்வாப் பாத்தா அடைஞ்சிடும். அதனால வாசலுக்கு நேர் எதிரே வைக்காம ஒண்ணரை, ரெண்டு அடி தள்ளி வைங்க. அல்லது சட்டங்களை 30 டிகிரி திருப்பிப் பொருத்தச் சொல்லுங்க. அடியில ரெண்டு அங்குலம் தூக்கி விட்டா மாப் போடலாம், கரையான் ஏறினாலும் மண்தடம் கண்ணுல படும்.

தட்டு விசயத்துல ஒரு கணக்கு. தினமும் கை போற பொருள் இடுப்புக்கும் கண்மட்டத்துக்கும் நடுவுல, திறந்து. அடுப்புக்கு மேல மட்டும் திறந்த தட்டு கூடாது, எண்ணெய்ப் பிசுக்குல தூசி ஒட்டி வாரத்துக்கு ஒருக்கா தேய்க்கணும். அங்க மூடின ஷட்டர் போடுங்க. வருசத்துல ஒருக்கா எடுக்கிற அண்டா, குத்துவிளக்கு எல்லாம் பரண்ல, 7 அடி உயரத்துல.

மரவேலை_குழித்துறை:

தக்கலைக்காரர் சொன்ன அழிக்குச் சட்டம் நல்லாக் காஞ்சதாப் பாத்து வாங்குங்க. பச்சை மரத்துல செஞ்சா பங்குனி வெயில்ல முறுக்கி, ஒரு அங்குல இடைவெளி ஒரு இடத்துல அரை, இன்னொரு இடத்துல ஒண்ணரைன்னு நிக்கும். அதை அப்புறம் நிமிர்த்த முடியாது.