பேயே இல்லாத கதை ஏன் இவ்ளோ பயமுறுத்துது?

ராக்கோழி:
அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரோட 'கிண்ட்ரெட்' நாவலை நேத்துதான் முடிச்சேன், 1979ல வந்தது. 1976ல கலிஃபோர்னியால இருக்க ஒரு கறுப்பினப் பொண்ணு திடீர் திடீர்னு அடிமை முறை இருந்த காலத்து மேரிலாந்துல போய் விழறா, எப்படின்னு கடைசி வரைக்கும் விளக்கமே கிடையாது. ரத்தக்காட்டேரி பிசாசுன்னு எத்தனை படிச்சாலும் நிம்மதியா தூங்குற ஆளு நான், இதுல ஒரு பேயும் இல்ல ஆனா தூக்கம் வரமாட்டேங்குது. சவுக்கடி வர்ற இடத்துல ரெண்டு நாள் மூடி வச்சிட்டேன். உங்களுக்கும் இப்படி ஆகுமா, இல்ல எனக்குதான் மனசு விட்டுப்போச்சா?

கறுப்புமை:
அதெல்லாம் ஒண்ணும் இல்லங்க. பேய்க்கதைன்னா புக்கை மூடினா பேயும் உள்ளயே அடங்கிடும், இது அப்படி இல்லயே. ஆனா என்னை உலுக்கினது சவுக்கு இல்ல. அந்தப் பொண்ணு டானா, அடிமைகளை வச்சிருந்த அந்தப் பண்ணை வீட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமா பழகிப்போறா பாருங்க, ஒரு கட்டத்துல அதைப் பாத்ததும் அப்பாடா வீட்டுக்கு வந்துட்டோம்னு அவளுக்கே தோணும், அங்கதான் எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. பண்ணை முதலாளி மகன் ரூஃபஸை சாக விடவும் முடியாது, அவன் இவளோட மூதாதை, அவன் சீக்கிரம் செத்தா இவ வம்சமே கிடையாது.

பாதிப்பக்கம்:
எனக்கு இதை ஹாரர்னு சொல்றதே ஒப்பல. ஹாரர் நான் ஜாலிக்குப் படிக்கறது, நிஜமா நடந்த கொடுமையைப் பேய் வரிசையில வச்சா அதுவும் கற்பனை மாதிரி ஆயிடாதா? நான் பாதியில வச்ச புக்கு ஏகப்பட்டது, வெக்கமெல்லாம் இல்ல.

ஏழாம்ஜாமம்:
@பாதிப்பக்கம் ஜாலி ஹாரர்லயும் இந்த வினை இருக்கு. சின்ன வயசுல அமெரிக்க ஹாரர் எழுத்தாளர் லவ்கிராஃப்ட்னா எனக்கு உயிரு, அப்புறம் 'தி ஹாரர் அட் ரெட் ஹூக்' படிச்சேன், அதுல எதைப் பாத்து நடுங்கணும்னு சொல்றாருன்னு பாத்தா குடியேறி வந்த ஏழை சனங்களை, நிறம் கம்மியானவங்களை. இத்தனை நாள் கூடவே உக்காந்து பயந்துட்டு இருந்தோம், இவரு பயந்ததே நம்மளப் பாத்துதான்னு ஆயிடுச்சு. அப்ப வந்த கோவம் இன்னும் முழுசா போகல, அவர் எழுத்து மேல இருக்க மயக்கமும் போகல, அதான் கொடுமை. 2016ல விக்டர் லவால் அதே கதையை ஒரு கறுப்பின இளைஞன் பக்கத்துல இருந்து 'தி பாலட் ஆஃப் பிளாக் டாம்'னு எழுதினார். சமர்ப்பணமே லவ்கிராஃப்டுக்குத்தான், மனசுல இருக்க முரண்பாட்டையும் சேத்து. உலக ஃபேன்டஸி விருதுக்கு 2015 வரைக்கும் லவ்கிராஃப்டோட தலையைத்தான் சிலையா குடுத்தாங்க, 2011ல அதை வாங்கின கறுப்பின எழுத்தாளர் நெடி ஒகோராஃபோர் இதை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு வெளிப்படையாவே எழுதினாங்க.

ராக்கோழி:
அந்தத் தலைய நான் அலமாரிக்குள்ள திருப்பி வச்சிருப்பேன். பிளாக் டாம் பெரிய புக்கா?

ஏழாம்ஜாமம்:
குறுநாவல்தான், ஒரே மூச்சுல முடிச்சிடலாம். ஆனா பகல்ல ஆரம்பிங்க, போலீஸ் அவன் வீட்டுக்கு வர்ற இடம் ஒண்ணு இருக்கு.