மினி செயின்சா இடப்பக்கமாக இழுக்கிறது, புகையும் வருகிறது

தென்காசிக்காரன்:
ஆறு இஞ்ச் பேட்டரி செயின்சா வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. முருங்கை, கொய்யாவை எல்லாம் வெண்டைக்காய் நறுக்குவதுபோல் கழித்தேன். போன ஞாயிறு மாமரத்தில் ஒரு கொப்பை வெட்டும்போது பாதியில் திணறி நின்றது. அதிலிருந்து எதில் வைத்தாலும் இடப்பக்கமாக வளைந்து போகிறது, தூள் மாவாகக் கொட்டுகிறது, கொஞ்ச நேரத்தில் புகை. மோட்டார் போயிருக்கும் என்கிறார் கடைக்காரர்.

வாழைக்கொல்லை:
செயினைத் திருப்பி மாட்டிவிட்டீர்களா? செயின் சுற்றி ஓடும் தகடு இருக்கிறதே, அந்தப் பாரின் மேல்பக்கத்தில் பல்லின் கூர், பாரின் நுனியைப் பார்த்து இருக்க வேண்டும்.

தென்காசிக்காரன்:
கழற்றவே இல்லை அண்ணாச்சி.

பழைய அரம்:
மோட்டார்மேல் பழி போடாதீர்கள் தம்பி. செயினில் பற்கள் இடம், வலம் என்று மாறி மாறி இருக்கும். ஒரு பக்கம் மழுங்கினால் கூராக இருக்கும் பக்கத்துக்கு இழுக்கும். உங்களுக்கு வலப்பக்கப் பற்கள் போய்விட்டன. மண்ணில் பட்டிருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்தே மழுங்கியிருக்கும். இது வெட்டின் ஓரத்தில் ஏதோ இரும்பு உரசின வேலை. அந்தக் கொப்பைப் போய்ப் பாருங்கள்.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். என் செயினுக்கு 4 மி.மீ. உருண்டை அரம் சரியாக உட்காருகிறது. உங்கள் செயினின் பிட்ச், அதாவது கண்ணிகளின் இடைவெளி, பார்த்து வாங்குங்கள். பல்லின் உள்ளிருந்து வெளியே, ஒரே திசையில் ராவ வேண்டும். மோசமான பல்லுக்கு எத்தனை இழுப்போ, மற்ற எல்லாவற்றுக்கும் அத்தனை. இல்லாவிட்டால் மறுபடியும் வளையும்.

புகைக்குப் பாதிக் காரணம் மழுங்கல், பாதி எண்ணெய். இந்தச் சின்ன மெஷின் பலவற்றில் எண்ணெய் தானாக இறங்காது, அவ்வப்போது நாமே சொட்டுவிட வேண்டும். அதற்காக அடுக்களைக்குள் போகாதீர்கள். நான் நல்லெண்ணெய் விட்டேன். இரண்டு மாதம் சும்மா கிடந்ததில் பிசினாகி, செயின் பாரோடு ஒட்டிக்கொண்டது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத்தான் பிரித்தேன். வீட்டில் ஒரு வாரம் வசவு.

வாழைக்கொல்லை:
அந்தப் பாதிக் கொப்பு இன்னும் தொங்குகிறதா? ஏணியில் நின்று ஒற்றைக் கையால் முடிக்கப் பார்க்காதீர்கள். பாரின் நுனி மரத்தில் பட்டால் முகத்துக்கு எகிறும்.

தென்காசிக்காரன்:
கைவாளால் கொஞ்சம் தள்ளி அறுத்து இறக்கிவிட்டேன். வெட்டின் வலப்பக்கத்தில் ஒரு துருப்பிடித்த ஆணி, பட்டை முழுசாக மூடியிருக்கிறது. அந்தக் காலத்தில் துணிக்கொடி கட்ட அப்பா அடித்ததாம். கொண்டுபோய்க் காட்டினேன். “இன்னொன்றும் இருக்குமேப்பா” என்கிறார்.