நியூஸ்ரீடரில் ஹெடர் பாதியில் நின்றுவிடுகிறது, உதவுங்கள்

இரவுப்பறவை:
வணக்கம் நண்பர்களே. யூஸ்நெட் என்ற இணையக் கலந்துரையாடல் வலையமைப்பில், கோப்புகள் பகிரும் ஒரு பெரிய பைனரி குழுவின் ஹெடர்களை (ஒவ்வொரு கட்டுரையின், அதாவது பதிவின், தலைப்பு, அனுப்பியவர் போன்ற விவரங்கள்) நியூஸ்ரீடர் மென்பொருளில் இறக்கப் பார்க்கிறேன். ஆரம்பத்தில் மளமளவென்று வருகிறது. 60 லட்சத்தை நெருங்கும்போது வேகம் தேய ஆரம்பித்து, அப்புறம் எண்ணிக்கை அப்படியே உறைந்துவிடுகிறது. பிழைச் செய்தி கிடையாது. கொஞ்ச நேரம் விட்டால் சர்வரே தொடர்பைத் துண்டித்துவிடுகிறது. மறுபடி இணைத்தாலும் அதே இடத்தில்தான் நிற்கிறது.

விண்டோஸ் 64 பிட், ரேம் 16 ஜிபி, போர்ட் 563 வழியாக எஸ்எஸ்எல் (மறையாக்கிய இணைப்பு). உரைக் குழுக்கள் ஒழுங்காக வருகின்றன. மென்பொருள் பழசுதான், ஆனால் கை பழகிவிட்டது, மாற்ற மனசில்லை.

வேகப்பிரியன்:
கனெக்‌ஷன் எண்ணிக்கையை ஏத்திப் பாருங்க பாஸ். 4 இருந்தா 20 ஆக்குங்க.

பழைய மோடம்:
கட்டுரைகளை இறக்கும்போது அது உதவும். ஹெடர் விஷயத்தில் பல மென்பொருள்கள் ஒரு குழுவுக்கு ஒரே கனெக்‌ஷனைத்தான் பயன்படுத்தும், மீதி சும்மா கிடக்கும். கணக்கில் அனுமதித்ததைவிட அதிகமாக வைத்தால் பல சர்வர்கள் 502 என்ற மறுப்புக் குறியீட்டைச் சொல்லி உள்ளேயே விடாது. அதனால் அதைத் தொட வேண்டாம்.

முதலில் சர்வரில் கோளாறா, உங்கள் பக்கத்தில் கோளாறா என்று பிரித்துவிடலாம். ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்கக் கருவித்தொகுப்பு இருந்தால், அதிலுள்ள எஸ்-கிளையன்ட் (சர்வருக்குக் கட்டளைகளைக் கையால் தட்டி அனுப்பும் நிரல்) மூலம் 563-இல் நேரடியாக இணையுங்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து 281 (உள்நுழைவு ஏற்கப்பட்டது) வந்ததும், குரூப் கட்டளையுடன் குழுவின் பெயரைத் தட்டுங்கள். 211 என்று தொடங்கும் ஒரு வரி வரும். அதில் தோராயமான கட்டுரை எண்ணிக்கை, முதல் எண், கடைசி எண் மூன்றும் இருக்கும். பிறகு, ஹெடர்களைக் கேட்கும் எக்ஸ்ஓவர் கட்டளையில், நின்ற இடத்தைச் சுற்றி ஒரு 1000 எண்களைக் கேளுங்கள். 224 வந்து, ஹெடர்கள் ஓடி, கடைசியில் தனியாக ஒரு புள்ளி மட்டும் உள்ள வரியோடு முடிந்தால் சர்வர் மேல் குற்றமில்லை.

ஒரு எச்சரிக்கை: வரியின் முதல் எழுத்து ஆங்கிலப் பெரிய கியூ அல்லது ஆர் ஆக இருந்தால், எஸ்-கிளையன்ட் அதைச் சர்வருக்கு அனுப்பாமல் தனக்கான கட்டளையாக எடுத்துக்கொள்ளும். எங்கே போனது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். கட்டளைகளைச் சிறிய எழுத்தில் தட்டினால் இந்த வம்பு இல்லை.

இரவுப்பறவை:
நன்றி அண்ணா, செய்து பார்த்தேன். கண் இமைப்பதற்குள் 1000-மும் வந்துவிட்டது, கடைசியில் புள்ளியும் இருந்தது. ஆன்டிவைரஸில் மின்னஞ்சல் ஸ்கேனை அணைத்தும் பார்த்தேன், மாற்றமில்லை. அந்த இடத்தில் ஏதோ ஒரு ஹெடர் கெட்டுப்போய் மென்பொருளைத் திணறவைக்கிறது என்று நினைக்கிறேன்.

துளிர்:
கட்டுரை எண் 214 கோடிக்கு மேலா என்று பாருங்கள். 2006-இல் வந்த ஆர்எஃப்சி 3977 என்ற நெறிமுறை ஆவணம் கட்டுரை எண்ணுக்கு 2,147,483,647 என்று உச்சவரம்பு வைத்தது. பெரிய பைனரி குழுக்கள் அதைத் தாண்டியபோது பல பழைய நியூஸ்ரீடர்கள் குழம்பின.

பழைய மோடம்:
நல்ல கேள்வி. ஆனால் அந்தக் கோளாறென்றால் அந்த எண் வரும்போது தடுக்கி விழும், இல்லை எதிர்மறை எண் காட்டும். இவருக்கு வேகம் முதலில் தேய்கிறது, பிறகுதான் நிற்கிறது. அந்தத் தேய்மானம்தான் எனக்கு உறுத்துகிறது.

இரவுப்பறவை, ஒன்று செய்யுங்கள். இறக்கியதை அழித்துவிட்டு, தொடக்க எண்ணோடு 50 லட்சத்தைக் கூட்டி அங்கிருந்து ஆரம்பியுங்கள். கெட்ட ஹெடர்தான் காரணமென்றால் அதே கட்டுரை எண்ணில் நிற்கும். வேறு எண்ணில் நின்று, இறங்கிய எண்ணிக்கை மட்டும் பழையபடியே இருந்தால் விஷயம் வேறு. டாஸ்க் மேனேஜரையும் பக்கத்தில் திறந்து வையுங்கள்.

இரவுப்பறவை:
கெட்ட ஹெடர் இல்லை! அந்த எண்ணை அனாயாசமாகத் தாண்டிப் போனது. ஆனால் மறுபடியும் 60 லட்சம் வாக்கில் நின்றது. டாஸ்க் மேனேஜரில் மென்பொருளின் பெயருக்குப் பக்கத்தில் 32 பிட் என்று போட்டிருக்கிறது. நினைவகம் 1.8 ஜிபி வரை ஏறி அங்கேயே நிற்கிறது. இன்னும் பாதி ரேம் காலியாகத்தானே இருக்கிறது?

பழைய மோடம்:
பிடிபட்டது. ரேம் எவ்வளவு இருந்தாலும், விண்டோஸில் 32 பிட் புரோகிராமுக்கு வழக்கமாக 2 ஜிபி முகவரி இடம்தான் (அது எட்டக்கூடிய நினைவக வரம்பு). ஒரு ஹெடரில் தலைப்பு, அனுப்பியவர், தேதி, மெசேஜ் ஐடி (கட்டுரையின் தனி அடையாளம்), முந்தைய கட்டுரைக் குறிப்புகள், பைட் அளவு, வரி எண்ணிக்கை எல்லாம் வரும். ஒன்றுக்கு 300 பைட் என்று வைத்தாலும் 60 லட்சத்துக்கு 1.8 ஜிபி. உங்கள் மென்பொருள் அத்தனையையும் நினைவகத்திலேயே அடுக்குகிறது, துண்டு துண்டாக வந்த பதிவுகளைக் கோத்து ஒன்றாக்கவும் பார்க்கிறது. இடம் தீர்ந்ததும் மூச்சு முட்டி நிற்கிறது. அந்தப் பக்கம் சர்வர், யாரும் எதுவும் கேட்கவில்லை என்று இணைப்பை மூடிவிடுகிறது. நீங்கள் பார்த்த துண்டிப்பு அதுதான்.

மென்பொருளை மாற்ற மனசில்லை என்றால் ஹெடர்களைக் குறையுங்கள். அமைப்பில் கடைசி 5 லட்சம் மட்டும் என்று வையுங்கள், அல்லது இத்தனை நாளுக்கு மேல் பழையதை அழி என்று வையுங்கள். மென்பொருளை மூடிவிட்டு அந்தக் குழுவின் பழைய ஹெடர் தரவுத்தளக் கோப்பையும் நீக்குங்கள், இல்லையென்றால் திறக்கும்போதே அத்தனையையும் மறுபடி ஏற்றிக்கொள்ளும்.

வேகப்பிரியன்:
ஒரு குறிப்பிட்ட கோப்புதான் வேணும்னா ஹெடரே எதுக்கு? என்இசட்பி கோப்பு (அந்தக் கோப்போட துண்டுகள் எந்தெந்தப் பதிவுல இருக்குன்னு சொல்ற பட்டியல்) கிடைச்சா போதுமே, அதுலயே மெசேஜ் ஐடி எல்லாம் இருக்கு.

பழைய மோடம்:
இதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் குழுவை மேய்ந்து பார்ப்பவர்களுக்கு ஹெடர் வேண்டும்.

இரவுப்பறவை:
5 லட்சமாகக் குறைத்தேன், தரவுத்தளத்தையும் நீக்கினேன். இப்போது தங்குதடையில்லாமல் முடிகிறது, நினைவகம் 200 எம்பியைத் தாண்டவில்லை. ஒரு சந்தேகம்: நான் ஏற்கெனவே படித்தவற்றின் அடையாளம் போய்விட்டதா?

பழைய மோடம்:
பெரும்பாலான நியூஸ்ரீடர்கள் அதை நியூஸ்ஆர்சி என்ற தனிக் கோப்பில், எண் வரம்புகளாக மட்டும் வைத்திருக்கும். அதைத் தொடாதவரை படித்தது படித்ததாகவே இருக்கும். சர்வரை மாற்றினால்தான் சிக்கல், ஏனென்றால் கட்டுரை எண் ஒவ்வொரு சர்வருக்கும் தனி.