ஜிஆர்இ வெர்பல்: 18 நிமிடத்தில் 12 கேள்வி முடிவதே இல்லை, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். அடுத்த மாதம் மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வை எழுதுகிறேன். கணக்கில் பயமில்லை, ஆங்கில வாசிப்பையும் சொல்லறிவையும் சோதிக்கும் வெர்பல்தான் இடிக்கிறது. இதுவரை எழுதிய மூன்று மாதிரித் தேர்விலும் முதல் பகுதியின் கடைசி மூன்று, நான்கு கேள்விகளைப் படிக்கக்கூட நேரமில்லை. வரிசையாகத்தான் போகிறேன். நேற்று மூன்று கோடிட்ட இடம் உள்ள ஒரே கேள்வியில் நாலு நிமிடம் உட்கார்ந்தேன், அதுவும் தப்பு. பயிற்சி வகுப்பில் ஒவ்வொரு பத்தியையும் இரண்டு முறை படிக்கச் சொன்னார்கள். எப்படி முடியும்?

பதில் 1:
வரிசையாகப் போவதை முதலில் விடுங்கள். ஒரு பகுதிக்குள் எந்தக் கேள்விக்கும் தாவலாம், மார்க் செய்துவிட்டுத் திரும்பியும் வரலாம். ஒரு கோடிட்ட இடமோ மூன்றோ, மதிப்பு ஒன்றுதான். மூன்றில் இரண்டு சரியாக இருந்தாலும் பாதி மதிப்பெண் கிடையாது. அந்த நாலு நிமிடத்தில் எளிய கேள்விகள் மூன்றை முடித்திருப்பீர்கள்.

நான் கோடிட்ட இடங்களையும் ஆறு சொல்லில் ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுப்பதையும் முதலில் முடிப்பேன். அப்புறம் சின்னப் பத்திகள், கடைசியில் நீளமானது. ஒன்றரை நிமிடம் தாண்டினால் ஏதாவது ஒன்றைக் குறித்து, மார்க் போட்டு நகர்ந்துவிடுவேன். தப்புக்கு மைனஸ் இல்லை, அதனால் ஒன்றையும் காலியாக விடாதீர்கள்.

இன்னொன்று, விடைகளைப் பார்க்கும் முன் உங்கள் சொல்லை நீங்களே போடுங்கள். "வள்ளல் என்று பெயரெடுத்தவர், அன்று ஏனோ ____ நடந்துகொண்டார்." 'ஏனோ' வந்ததுமே கஞ்சத்தனம் என்று மனதில் விழுகிறதல்லவா? அதோடு போய்ப் பார்த்தால் பார்சிமோனியஸ், மைசர்லி இரண்டும் கண்ணில் படும். விடைகளை முதலில் படித்தால் ஆறு சொல்லும் ஆறு பக்கம் இழுக்கும். இந்த ஒரு பழக்கம்தான் எனக்கு அதிக நேரத்தை மிச்சப்படுத்தியது.

பதில் 2:
மேலே சொன்னது சரி. பத்தி விஷயத்தில் என் அனுபவம்: ஒரே ஒரு கேள்வி உள்ள சின்னப் பத்தி, அதுவும் வாதத்தை எது பலவீனப்படுத்தும் என்ற மாதிரி இருந்தால், கேள்வியை முதலில் படியுங்கள். மூன்று, நான்கு கேள்வி உள்ள பெரிய பத்தியில் அது வேலைக்காகாது. ஒரு முறை நிதானமாகப் படித்து, ஆசிரியர் எந்தப் பக்கம், 'ஹவ்எவர்' எங்கே திருப்புகிறது என்று மட்டும் பிடியுங்கள். பெயர், வருடமெல்லாம் திரையிலேயே இருக்கும், தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

விடைக்குப் பக்கத்தில் வட்டம் இருந்தால் ஒன்றுதான் சரி. சதுரம் இருந்தால் ஒன்றோ அதற்கு மேலோ. சதுரம் வந்தால் ஒவ்வொன்றையும் தனியாக வைத்து, பத்தியில் ஆதாரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றோடு ஒன்றை ஒப்பிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி! இன்று காலை பவர்ப்ரெப்பின் (ஜிஆர்இ நடத்துபவர்களின் மாதிரித் தேர்வு) இலவசத் தேர்வை இப்படி எழுதினேன். முதல் பகுதியில் 12ஐயும் தொட்டேன், ஒன்றே ஒன்று குருட்டுக் குறி. ஆனால் இரண்டாம் பகுதியில், 23 நிமிடத்துக்கு 15 கேள்வி, மறுபடி திணறினேன். கேள்விகளும் கடினமாகத் தெரிந்தன.

பதில் 1:
முதல் பகுதியை நன்றாகச் செய்தால் இரண்டாவது கடினமாகத்தான் வரும், பயப்படாதீர்கள். அது நல்ல அறிகுறி. அங்கேயும் அதே முறைதான், மூன்று கோடிட்ட இடத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இன்னொரு இலவசத் தேர்வு மிச்சமிருக்கும், அதைப் பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பு வரை தொடாதீர்கள்.