அம்மாவுடன் நார்த்தம்பர்லாந்து: லிண்டிஸ்ஃபார்ன், ஹேட்ரியன் சுவர் போனவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். செப்டம்பரில் அம்மாவுடன் 4 நாள் வட இங்கிலாந்தின் டர்ஹாம் நகரில் தங்குகிறோம். 1093-இல் கட்டத் தொடங்கிய பேராலயம் நடை தூரம்தான், அதில் கவலையில்லை.

குழப்பமெல்லாம் லிண்டிஸ்ஃபார்ன் தீவில்தான். தினமும் இரண்டு முறை கடல் ஏறிச் சாலையை மூடிவிடுமாம். ஓத அட்டவணையைப் பார்த்துத்தான் காரை எடுக்க வேண்டும். பாதுகாப்பான நேரம் முடிய எவ்வளவு முன்னதாகக் கிளம்பினீர்கள்? மடாலய இடிபாடு, கோட்டை இரண்டையும் சாலை திறந்திருக்கும் ஒரே இடைவெளியில் பார்க்க முடியுமா?

அப்புறம் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவர். ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்குக் கார் நிறுத்துமிடத்திலிருந்து மேடேற வேண்டும். அம்மாவுக்கு மூட்டுவலி (ஆனால் ரோமானியர் கழிப்பறையைப் பார்த்தே தீருவேன் என்கிறார்!). செஸ்டர்ஸ் கோட்டை சுலபமா?

பழைய நினைவுச் சின்னங்களைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பின் 9 நாள் வெளிநாட்டுப் பயணி பாஸ் இதற்குக் கட்டுபடியாகுமா, தனித்தனி டிக்கெட்டே போதுமா?